முகப்பில் ஓடும் செய்தி வரி: எழுத்து உடையாமல், நிறுத்தினால் நிற்கும்படி அமைப்பது எப்படி?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வாசகசாலையின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறீர்கள். முகப்பின் உச்சியில் தமிழும் மலையாளமுமாக அறிவிப்புகள் ஓட வேண்டும். எழுத்தை ஓடவைக்கும் மார்க்கீ டேக் (பக்கக் கோப்பில் எழுதும் கட்டளைக் குறி) போட்டுப் பார்த்தீர்கள். போனில் வெட்டி வெட்டி ஓடுகிறது, சில எழுத்துகளின் புள்ளி காணவில்லை, வாராவாரம் கோப்பைத் திறந்து மாற்றுவதும் பெரும்பாடாக இருக்கிறது. வேறு வழி உண்டா என்பது கேள்வி. ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன: வரி சீராக ஓட என்ன செய்வது, தமிழ் எழுத்து சிதையாமல் வர என்ன செய்வது, கோடு தெரியாதவரும் செய்தியை மாற்ற என்ன ஏற்பாடு. மூன்றுக்கும் வழி இருக்கிறது. கீழே கட்டளைப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். கோப்பில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் மார்க்கீ. 1990-களின் நடுவில் மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் கொண்டுவந்த டேக் அது. இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழியான ஹெச்.டி.எம்.எல்.-இன் இன்றைய விதிநூல் அதைப் 'பயன்படுத்தக் கூடாதவை' பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனாலும் பழைய தளங்கள் உடையாமல் இருக்க, பிரௌசர்கள் இன்னும் அதை ஓட்டுகின்றன. என்றைக்கு நிறுத்துவார்கள் என்று யாரும் தேதி குறிக்கவில்லை. அதே காலத்து, எழுத்தை மினுக்கும் பிளிங்க் டேக்கை ஃபயர்ஃபாக்ஸ் 2013-ல் எடுத்துவிட்டது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். உங்கள் போனில் அது வெட்டி வெட்டி ஓடுவதற்குக் காரணம் போன் அல்ல, அந்த டேக்கின் இயல்பான கணக்கு. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அது 85 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை 6 பிக்சல் தாவும். அதாவது செகண்டுக்கு 12 தாவலுக்கும் குறைவு. சாதாரணத் திரையோ செகண்டுக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கிறது. அதனால்தான் கண்ணுக்கு அது ஓட்டமாகத் தெரியாமல் குதியாகத் தெரிகிறது. இன்றே ஒரு தற்காலிக வைத்தியம் வேண்டுமானால் ஸ்க்ரோல்-அமௌன்ட் 1, ஸ்க்ரோல்-டிலே 16 என்று கொடுத்து (இரண்டு பெயரையும் இடையில் கோடில்லாமல் ஒரே சொல்லாக அடிக்க வேண்டும்), கூடவே ட்ரூஸ்பீட் என்ற சொல்லையும் சேருங்கள். அந்தச் சொல் இல்லாவிட்டால் 60-க்குக் குறைவான எந்த டிலேயையும் 60 என்றே எடுத்துக்கொள்ளும். பலர் டிலேயைக் குறைத்துப் பார்த்தும் பலனில்லை என்று விட்டுவிடுவது இதனால்தான். இப்படிச் செய்தால் செகண்டுக்குச் சுமார் 62 பிக்சல் வேகத்தில் ஓரளவு வழுக்கி ஓடும்.

நிரந்தர வழிக்கு வேலையை வேறு முனையிலிருந்து தொடங்க வேண்டும். ஓட்டத்தை மறந்துவிட்டு, முதலில் செய்திகளை ஒரு சாதாரணப் பட்டியலாக எழுதுங்கள்: ஒரு யு.எல். டேக், அதற்குள் செய்திக்கு ஒன்றாக எல்.ஐ., உள்ளே லிங்க். அலங்காரம் எதுவும் இல்லாமல் பக்கத்தைத் திறந்தால் ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்து செய்தி தெரிய வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நெட் மெதுவாக இருக்கும்போது தோற்றத்தைச் சொல்லும் சி.எஸ்.எஸ். கோப்பு வராமல் போகலாம், பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் தடைபடலாம், பார்வையற்ற ஒருவர் திரை வாசிப்பானில் கேட்கலாம், யாரோ பக்கத்தை அச்செடுத்து வாசல் பலகையில் ஒட்டலாம். எல்லா நேரத்திலும் பட்டியல் நிற்கும். செய்தியை முழுக்க ஜாவாஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதிவைக்கும் பழைய டிக்கர் (ஓடும் செய்தி வரி) ஸ்கிரிப்டுகளில் இது எதுவும் கிடையாது. இணையத்தில் கிடைக்கும் அந்த வகை ஸ்கிரிப்டில் 'டாக்குமென்ட் டாட் லேயர்ஸ்' என்று ஒரு வரி கண்ணில் பட்டால் தொடாதீர்கள். அது நெட்ஸ்கேப் 4 என்ற பழைய பிரௌசர் காலத்துச் சரக்கு.

பட்டியல் ஆனபின் ஓட்டம். மூன்று அடுக்கு வேண்டும். வெளியே ஒரு டிவ், அதற்கு ஓவர்ஃப்ளோ ஹிடன், இதுதான் ஜன்னல். அதற்குள் இன்னொரு டிவ், அதுதான் ஓடும் ரயில். அதற்கு டிஸ்ப்ளே ஃப்ளெக்ஸ், அகலம் மேக்ஸ்-கன்டென்ட், வைட்-ஸ்பேஸ் நோராப். ரயிலுக்குள் உங்கள் பட்டியலை அப்படியே இரண்டு முறை வையுங்கள்; பட்டியலுக்கும் டிஸ்ப்ளே ஃப்ளெக்ஸ் கொடுத்தால்தான் செய்திகள் ஒரே வரிசையில் நிற்கும். பிறகு அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் சொல்லும் ஒரு கீஃப்ரேம்ஸ் எழுதுங்கள்: தொடக்கத்தில் டிரான்ஸ்ஃபார்ம் டிரான்ஸ்லேட்-எக்ஸ் 0, முடிவில் டிரான்ஸ்லேட்-எக்ஸ் மைனஸ் 50 சதவீதம். அனிமேஷனை லீனியர், இன்ஃபினிட் என்று வையுங்கள். இங்கே சதவீதம் என்பது ரயிலின் சொந்த அகலத்தைக் குறிக்கும். ரயிலில் ஒரே மாதிரி இரண்டு பட்டியல் இருப்பதால் 50 சதவீதம் நகர்ந்ததும் இரண்டாவது பட்டியல் முதலாவது நின்ற இடத்தில் மிகச் சரியாக வந்து நிற்கும். அந்த நொடியில் அனிமேஷன் தொடக்கத்துக்குத் தாவினாலும் கண்ணுக்குத் தெரியாது. மார்க்கீயில் கடைசிச் செய்தி முழுக்கப் போய்ப் பட்டை வெறுமையான பிறகுதான் முதல் செய்தி வரும். இதில் அந்த வெற்றிடம் இல்லை.

இதில் இரண்டு இடத்தில் கை தவறும். செய்திகளுக்கு நடுவே இடைவெளி விட ஃப்ளெக்ஸின் கேப் வசதியைப் பயன்படுத்தினால், இரண்டு பட்டியலுக்கு நடுவில் ஒரு இடைவெளி உண்டு, கடைசியில் கிடையாது. ஆகவே 50 சதவீதக் கணக்கு பாதி இடைவெளி அளவு பிசகி, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சின்ன உதறல் தெரியும். கேப்பை விட்டுவிட்டு ஒவ்வொரு எல்.ஐ.க்கும் வலப்பக்கம் 48 பிக்சல் பேடிங் கொடுங்கள். யு.எல்.லுக்குப் பிரௌசர் தானாகப் போடும் மார்ஜினையும் பேடிங்கையும் 0 ஆக்க மறக்க வேண்டாம். இரண்டாவது, செய்தி ஒன்றிரண்டு மட்டும் இருக்கும் நாளில் பட்டியல் திரையைவிடக் குறுகலாக இருக்கும், வலது ஓரம் காலியாகத் தெரியும். ஒவ்வொரு பட்டியலுக்கும் குறைந்தபட்ச அகலம் 100 வி.டபிள்யூ. (திரையின் முழு அகலம்) என்று வைத்தால் சரியாகிவிடும். லெஃப்ட், மார்ஜின்-லெஃப்ட் இவற்றை மாற்றி நகர்த்தும் உதாரணங்களும் கிடைக்கும். அவை ஒவ்வொரு அசைவுக்கும் பக்கத்தின் அமைப்பை மறுபடி கணக்கிட வைப்பதால் விலை குறைந்த போனில் மூச்சுவாங்கும். டிரான்ஸ்ஃபார்ம்தான் இலகு.

வேகத்தில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். அனிமேஷன் நேரம் 20 செகண்ட் என்று எழுதிவைப்பார்கள். மூன்று செய்தி, மொத்தம் 1200 பிக்சல் என்றால் செகண்டுக்கு 60 பிக்சல், படிக்கலாம். அடுத்த மாதம் எட்டு செய்தி சேர்ந்து 3200 பிக்சல் ஆனால் அதே 20 செகண்டில் 160 பிக்சல் வேகம்; யாராலும் படிக்க முடியாது. செய்தி கூடக் கூட வரி வேகமெடுக்கும் விசித்திரம் இதனால்தான். நேரத்தை நிலையாக வைக்காமல் வேகத்தை நிலையாக வையுங்கள்: ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பட்டியலின் ஆஃப்செட்-வித்த் என்ற அகல அளவை எடுத்து 60-ஆல் வகுத்து, வந்த எண்ணை அனிமேஷன் நேரமாகக் கொடுத்தால் போதும், மூன்று வரி வேலை. ஆனால் அளப்பதற்கு முன் 'டாக்குமென்ட் டாட் ஃபான்ட்ஸ் டாட் ரெடி' வரை காத்திருக்க வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற வலை எழுத்துரு வந்து சேரும் முன் பிரௌசர் வேறு எழுத்துருவில் காட்டிக்கொண்டிருக்கும், அகலம் வேறாக இருக்கும். 60 என்பது வேதவாக்கு அல்ல. தமிழும் மலையாளமும் கலந்த வரிக்கு நான் 45-லிருந்து 60 வரை வைப்பேன், நீங்கள் உங்கள் வாசகசாலைக்கு வரும் வயதான ஒருவரிடம் போனைக் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லி முடிவு செய்யுங்கள். 360 பிக்சல் அகலப் போனில் 60 வேகத்தில் ஒரு சொல் வலது ஓரத்தில் தோன்றி 6 செகண்டில் இடது ஓரத்தில் மறைந்துவிடும். 1366 பிக்சல் லேப்டாப்பில் அதே சொல்லுக்கு 22 செகண்டுக்கு மேல் கிடைக்கும். லேப்டாப்பில் மட்டும் பார்த்து வேகம் சரி என்று விட்டுவிடக் கூடாது.

திசையைப் பற்றி ஒரு வார்த்தை. வரி வலமிருந்து இடமாகத்தான் ஓட வேண்டும். புதுமைக்காகத் திருப்பினால் 'வாசகசாலை' என்ற சொல்லின் 'லை' முதலில் தலைகாட்டும். போய்த் திரும்பி ஆடும் ஆல்டர்னேட் வகையிலும் பாதிநேரம் இதே கதி.

நிறுத்தும் வசதி கட்டாயம். டபிள்யூ.சி.ஏ.ஜி. என்னும் உலக அணுகல் விதிகளில் 2.2.2 இதற்கென்றே இருக்கிறது: தானாகத் தொடங்கி, 5 செகண்டுக்கு மேல், வேறு உள்ளடக்கத்தின் பக்கத்தில் அசைந்துகொண்டிருக்கும் எதையும் வாசகர் நிறுத்தவோ மறைக்கவோ முடிய வேண்டும். அது மிக அடிப்படையான ஏ நிலை விதி. மவுஸை மேலே வைத்தால் நிற்பது மட்டும் போதாது. போனில் மவுஸ் கிடையாது. ஹோவருக்கும், டேப் விசையில் வருபவருக்காக ஃபோகஸ்-விதினுக்கும் 'அனிமேஷன்-ப்ளே-ஸ்டேட் பாஸ்ட்' கொடுத்துவிட்டு, பட்டையின் ஓரத்தில் 'நிறுத்து' என்று எழுதிய ஒரு உண்மையான பட்டனும் வையுங்கள். தொட்டால் வரி நின்று, பட்டனில் 'ஓட்டு' என்று மாற வேண்டும். பட்டனின் உயரம் 44 பிக்சல் இருந்தால் விரலுக்கு வசதி. அடுத்தது, தலைசுற்றல் உள்ளவர்கள் போனின் அமைப்பிலேயே அசைவைக் குறைக்கச் சொல்லி வைத்திருப்பார்கள். 'ப்ரிஃபர்ஸ்-ரெட்யூஸ்ட்-மோஷன்' என்ற மீடியா வரியில் அனிமேஷனை 'நன்' (எதுவும் இல்லை) ஆக்கி, ரயிலின் அகலத்தை ஆட்டோவுக்கும் வைட்-ஸ்பேஸை நார்மலுக்கும் திருப்பி, பட்டியலைப் பிளாக் ஆக்கி, இரண்டாவது பட்டியலை மறைத்துவிட்டால் அவர்களுக்கு அது சாதாரணப் பட்டியலாகத் தெரியும். அச்சுக்கும் இதே ஐந்து வரி பொருந்தும்.

இரண்டாவது பட்டியல் வெறும் நிழல் என்பதால் அதற்கு ஏரியா-ஹிடன் (ஏ-ஆர்-ஐ-ஏ என்று அடிக்க வேண்டும்) ட்ரூ கொடுங்கள்; இல்லாவிட்டால் திரை வாசிப்பான் எல்லாச் செய்தியையும் இருமுறை சொல்லும். அதிலுள்ள லிங்குகளுக்கு டேப்-இண்டெக்ஸ் மைனஸ் 1. இதற்கு இனெர்ட் என்ற புதிய வசதியைச் சிலர் சொல்வார்கள். அதைப் போட்டால் நிழல் பட்டியலைத் தொட்டாலும் லிங்க் திறக்காது, பாதி நேரம் வாசகர் கண்முன் ஓடுவது அந்த நிழல்தான். மாற்றத்தைத் திரை வாசிப்பானிடம் உடனே சொல்லவைக்கும் ஏரியா-லைவ் எதையும் பட்டைக்குக் கொடுக்காதீர்கள்.

இனி புள்ளி காணாமல் போகும் விஷயம். 'கூட்டம்' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ட்-இன் புள்ளி மேலே ஏறுகிறது, கூ-வின் வளைவு சாதாரண எழுத்தின் காலுக்குக் கீழே இறங்குகிறது. ஆங்கிலத்துக்காக எழுதிய மாதிரிகளில் 18 பிக்சல் எழுத்துக்கு 24 பிக்சல் உயரம் வைத்து ஓவர்ஃப்ளோ ஹிடன் போட்டிருப்பார்கள். ஜன்னலின் மேல்சட்டம் புள்ளியை வெட்டும், கீழ்ச்சட்டம் வாலை வெட்டும். தமிழில் புள்ளி போனால் அது அழகுக் குறை மட்டுமல்ல, மெய் உயிர்மெய்யாகிவிடும். பட்டைக்கு நிலையான உயரமே கொடுக்காதீர்கள். லைன்-ஹைட் 1.7, மேலும் கீழும் 6 பிக்சல் பேடிங். 18 பிக்சல் எழுத்துக்கு வரி 30 பிக்சலுக்கும் சற்று மேல் வரும், உள்ளடங்கிவிடும். மலையாளக் கூட்டெழுத்துகள், முக்கியமாகப் பழைய லிபி எழுத்துருவில், அடுக்காகக் கீழே இறங்குபவை, அதற்கு 1.8 வையுங்கள். லெட்டர்-ஸ்பேஸிங் 0-விலேயே இருக்கட்டும். தமிழ் எழுத்தை இழுத்து விரித்தால் கொம்பும் காலும் எழுத்தோடு ஒட்டாமல் நிற்கும் வாய்ப்பு உண்டு.

ஒவ்வொரு எழுத்தாகத் தட்டச்சாவதுபோல் தோன்றும் டிக்கர் வேண்டும் என்று பிறகு ஆசை வரலாம். அதில் தமிழுக்கு ஒரு பொறி இருக்கிறது. 'கொழிஞ்சாம்பாறை' நம் கண்ணுக்கு 7 எழுத்து. எழுத்துகளுக்கு எண் தரும் உலகப் பொதுமுறையான யூனிகோடில் அது 14 குறி. க ஒன்று, கொம்புக்கால் ஒன்று, ழ ஒன்று, இகரக் குறி ஒன்று என்று போகும். ஸ்லைஸ் கட்டளையால் ஐந்து குறியை வெட்டிக் காட்டினால் 'கொழிஞ' என்று நிற்கும், அடுத்த அசைவில்தான் புள்ளி வந்து உட்காரும். பார்க்கிறவருக்கு எழுத்துகள் துடிப்பதுபோல் இருக்கும். நீளமான தலைப்பை 40 குறியில் வெட்டி மூன்று புள்ளி வைக்கும்போதும் இதே விபத்து. இன்ட்ல் (ஐ-என்-டி-எல்) டாட் செக்மென்டர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் வசதி எழுத்து எழுத்தாகவே பிரித்துத் தரும். புதிய பிரௌசர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. அதுவும் க்ஷ-வை க், ஷ என்று இரண்டாகத்தான் பிரிக்கும்.

இரண்டு மொழி ஒரே பட்டையில் ஓடுவதால் ஒவ்வொரு எல்.ஐ.க்கும் லேங் குறிப்பு அவசியம்: தமிழுக்கு டி-ஏ, மலையாளத்துக்கு எம்-எல். அதைப் பார்த்துத்தான் திரை வாசிப்பான் குரலை மாற்றும். எழுத்துருவையும் லைன்-ஹைட்டையும் மொழிவாரியாக அமைக்க உங்களுக்கும் அது உதவும். ஒரே அறிவிப்பை அடுத்தடுத்து இரு மொழியில் போடுவதைவிட, தமிழ்ச் செய்தி எல்லாம் முடிந்து மலையாளச் செய்தி தொடங்குவது படிக்க எளிது என்பது என் கருத்து. மலையாள அறிவிப்பு அச்சகத்திலிருந்தோ பழைய டி.டி.பி. (கணினி அச்சுக்கோப்பு) கோப்பிலிருந்தோ வந்தால் எம்.எல்.-டி.டி. கார்த்திகா போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருக்கக்கூடும். ஒட்டியதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். தமிழில் பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகளும் அப்படியே. எழுத்துருவை இணைத்துச் சமாளிக்கப் பார்க்காமல் யூனிகோடுக்கு மாற்றிய பின்பே ஒட்டுங்கள், மாற்றியதை அந்த மொழி நன்றாகத் தெரிந்த ஒருவர் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

நிறம் பற்றிச் சுருக்கமாக: மஞ்சளில் சிவப்பு எழுத்து நம் பக்கத்துப் பழக்கம். முழுச் சிவப்புக்கும் முழு மஞ்சளுக்கும் உள்ள ஒளி வேறுபாடு 3.7-க்கு 1 தான். சாதாரண அளவு எழுத்துக்கு 4.5 வேண்டும். வெள்ளையில் முழுச் சிவப்பும் 4-ஐத் தாண்டாது. 990000 என்ற அடர்சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்தால் 8.9 கிடைக்கும், வெயிலில் நின்று போனைப் பார்ப்பவருக்கும் தெரியும். மினுக்கும் 'புதிது' படம் வேண்டாம். அதற்குப் பதில் செய்தியின் முன்னால் தேதியைப் போடுங்கள்.

வாராவாரம் மாற்றும் வேலைக்கு நான் சொல்வது கூகுள் ஷீட். நான்கு பத்தி: செய்தி, மொழி, லிங்க், முடியும் தேதி. கோப்பு மெனுவில் 'இணையத்தில் வெளியிடு' சென்று அந்த ஒரு தாளை மட்டும் டி.எஸ்.வி. வடிவில் வெளியிடுங்கள். சி.எஸ்.வி. எடுத்தால் செய்திக்குள் வரும் காற்புள்ளி பத்தியை உடைக்கும்; டி.எஸ்.வி.யில் டேப் குறிதான் பிரிப்பான், அது செய்திக்குள் வராது. ஃபெட்ச் கட்டளையால் அதை வாங்கி, வரிவரியாகப் பிரித்து, இரண்டு பட்டியலிலும் சேர்த்துவிட்டு, பிறகு அகலத்தை அளந்து ஓட்டுங்கள். சேர்க்கும்போது டெக்ஸ்ட்-கன்டென்ட் பயன்படுத்துங்கள், இன்னர்-ஹெச்.டி.எம்.எல். வேண்டாம், தாளில் யாராவது விஷமமாக ஒரு ஸ்கிரிப்டை எழுதினாலும் அது எழுத்தாக மட்டும் தெரியும். லிங்க் பத்தியில் ஹெச்.டி.டி.பி.எஸ்.-ல் தொடங்காத எதையும் தள்ளிவிடுங்கள். தாளை யார் திருத்தலாம் என்பதை இருவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெளியிட்ட தாள் ஊருக்கே திறந்தது, அதனால் உறுப்பினர்களின் போன் நம்பர் அதில் இருக்கவே கூடாது. தாளில் மாற்றியது தளத்தில் தெரியச் சில நிமிடம் பிடிக்கும். தாள் வராமல் போகும் நேரத்துக்காக இரண்டு நிரந்தரச் செய்தியை ஹெச்.டி.எம்.எல்.-லேயே எழுதிவையுங்கள்: வாசகசாலை திறந்திருக்கும் நேரம் ஒன்று, உறுப்பினராகச் சேரும் முறை ஒன்று.

முடியும் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் கோடிட்டு எழுதுங்கள்: வாசிப்பு நாள் என்றால் 2026-06-19 என்பதுபோல. நாள் முதலில் வரும் நம் வழக்கப்படி எழுதினால் ஜாவாஸ்கிரிப்ட் 05/06-ஐ மே 6 என்று எடுத்துக்கொள்ளும், 19/06-ஐத் தேதியே இல்லை என்று சொல்லும். அந்தப் பத்தியின் வடிவத்தை 'வெறும் உரை' ஆக்குங்கள். விட்டால் ஷீட் தன் இஷ்டத்துக்கு மாற்றி எழுதும். இன்னொரு நுணுக்கம்: 2026-06-19 என்பதைத் தேதியாக மாற்றினால் கிரீன்விச் நள்ளிரவு என்று கொள்ளும், நமக்கு அது காலை 5.30. ஆகவே 'இப்போதைய நேரம் அதைத் தாண்டிவிட்டதா' என்று பார்த்தால், வாசிப்பு நாள் விழா அறிவிப்பு அன்று விடிகாலை 5.30-க்கே மறைந்துவிடும். தேதியாக மாற்றாமல் இன்றைய தேதியையும் அதே வடிவில் உரையாக எடுத்து, உரையை உரையோடு ஒப்பிடுங்கள். முடியும் தேதி இன்றைக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருந்தால் செய்தி இருக்கட்டும்.

உங்கள் தளம் எதில் கட்டியது என்று கேள்வியில் இல்லை, ஆகவே இரண்டுக்கும் சொல்கிறேன். வேர்ட்பிரஸ் என்றால் 'கஸ்டம் ஹெச்.டி.எம்.எல்.' பிளாக்கில் ஒட்டலாம். ஆதர் பொறுப்பில் உள்ளவர் சேமித்தால் ஸ்கிரிப்டும் ஸ்டைலும் உரிந்துபோகும், அட்மின் கணக்கில் செய்யுங்கள். பக்கத்தின் நகலைச் சேமித்துவைத்துக் காட்டும் கேஷ் ப்ளக்-இன் இருந்தால் மாற்றிய பின் கேஷைக் காலி செய்யாதவரை பழைய பக்கமே வரும். பிளாகர் என்றால் லேஅவுட்டில் 'ஹெச்.டி.எம்.எல்./ஜாவாஸ்கிரிப்ட்' கேட்ஜெட்டைத் தலைப்புக்குக் கீழே வையுங்கள்.

எது ஓடலாம், எது ஓடக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். புதிதாக வந்த புத்தகம், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், போட்டி முடிவு இவை ஓடட்டும். 'மூலத்தறை வாய்க்காலில் நாளை தண்ணீர் நிறுத்தம்' என்பது போன்ற அறிவிப்பை ஊருக்காக நீங்கள் போடுவதாக இருந்தால், அதை ஓட விடாதீர்கள். 2400 பிக்சல் நீள வரி 60 வேகத்தில் ஒரு சுற்று வர 40 செகண்ட். அந்தச் செய்தி கடந்துபோன மறுநொடியில் பக்கத்தைத் திறந்த விவசாயி அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார். அதைப் பட்டைக்குக் கீழே அசையாத ஒரு கட்டத்தில், முழு வாக்கியமாக, தேதியோடும் நேரத்தோடும் எழுதுங்கள். பட்டையிலும் ஐந்தாறு செய்திக்கு மேல் வேண்டாம். மீதிக்கு ஓரத்தில் 'எல்லா அறிவிப்புகளும்' என்று ஒரு லிங்க் நிற்கட்டும். எல்லாம் ஆனபின் ஒரு பழைய ஆண்ட்ராய்டு போனில், ஜாவாஸ்கிரிப்டை அணைத்து ஒருமுறை, அசைவைக் குறைத்து ஒருமுறை, எழுத்தளவை மிகப் பெரிதாக்கி ஒருமுறை பக்கத்தைத் திறந்து, 'கூட்டம்' என்ற சொல்லின் புள்ளியும் வாலும் முழுசாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.